தூரம்னா கிலோமீட்டர் இல்ல: ஆன்லைன்ல பாடம் நடத்தறத பத்தி அடிப்படைலேருந்து

எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு இப்பதான் பி.எட் முடிச்சு ஒரு ஸ்கூல்ல ஆறாங்கிளாஸ் கணக்கு டீச்சரா சேர்ந்திருக்கா. மழைக்கு நாலு நாள் லீவ் விட்டப்ப எல்லாரும் ஆன்லைன்ல கிளாஸ் எடுத்தாகணும்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க, நான் காலேஜ்ல ரொம்ப வருஷமா இந்த ஆன்லைன் கோர்ஸ் வேலையெல்லாம் பாக்கறேன்னு அவளுக்குத் தெரியும், நேரா எங்கிட்ட வந்து நின்னா. "அக்கா, பாடத்த ஃபோன்ல ரெகார்ட் பண்ணி வாட்ஸப் குரூப்ல போட்டுடறேன், அதானே ஆன்லைன் கிளாஸ், அதுக்கு மேல என்ன இருக்கு?" அப்படின்னா. நான் ஒண்ணும் சொல்லல, சரி முதல்ல போட்டுப் பாருன்னேன். நாப்பது நிமிஷ வீடியோ, பாவம் தொண்டை கட்டற அளவுக்குப் பேசியிருந்தா, பதிலுக்கு வந்தது என்னன்னா வரிசையா கட்டைவிரல் பொம்மை. யாருக்குப் புரிஞ்சுது, யாருக்குப் புரியல, யாரு பார்த்தா, யாரு பாக்காமயே விரலப் போட்டான், எதுவும் தெரியல. மறுநாள் வந்தப்ப முகம் வாடிப் போயிருந்தது. அன்னிக்கு அவளுக்குச் சொன்னதத்தான் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதறேன், புதுசா பாடம் எடுக்க வர்றவங்களுக்கும் வீட்ல பசங்கள ஃபோன் முன்னாடி உக்கார வெச்சிருக்கற அப்பா அம்மாக்களுக்கும் உதவும்.

கரஸ்ல படிச்சவங்க நம்ம வீடுகள்ல ஒருத்தராவது இருப்பாங்க. எங்கம்மா கல்யாணத்துக்கு அப்பறம் கரஸ்ல பி.ஏ படிச்சாங்க. தபால்ல கட்டுக் கட்டா புத்தகம் வரும், சமையல் முடிச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து படிப்பாங்க, எப்பயாவது சனி ஞாயிறுல டவுனுக்குப் போய் காண்டாக்ட் கிளாஸ், அப்பறம் பரீட்சை. அம்மா சொன்னது ஒண்ணு எனக்கு மறக்கவே மறக்காது. "சந்தேகம் வந்தா யாரக் கேக்கறது? அந்தப் பக்கத்தோட மூலைய மடக்கி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன்." அந்தப் புத்தகம் இன்னும் எங்க வீட்ல இருக்கு, மூலைய மடக்கின பக்கம் ஏகப்பட்டது. ஒவ்வொரு மடிப்பும் யாருமே பதில் சொல்லாத ஒரு கேள்வி. ஆன்லைன் கல்வின்னா என்னன்னு புரிஞ்சுக்க இந்த மடிப்புலேருந்து ஆரம்பிக்கறதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

ஏன்னா தபால் வழிப் படிப்புங்கறது ஆரம்பிச்சப்பவே அதுல பதில் இருந்தது. 1840ல இங்கிலாந்துல ஐசக் பிட்மன்னு ஒருத்தர், நம்ம ஊர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பக்கம் போனவங்களுக்கெல்லாம் இந்தப் பேர் தெரியும், பிட்மன் சுருக்கெழுத்து முறைய உருவாக்கினவர், அவர் தபால்லயே பாடம் நடத்தினார். அந்த வருஷம்தான் அங்க ஒரு பென்னி ஸ்டாம்ப் ஒட்டினா நாட்டுல எங்க வேணா லெட்டர் போகும்னு திட்டம் வந்தது. அவர் சின்ன அட்டைல பாடத்த அனுப்புவார், படிக்கிறவங்க ஒரு பகுதிய சுருக்கெழுத்துல எழுதி திருப்பி அனுப்பணும், அவர் தப்பத் திருத்தி மறுபடி அனுப்புவார். பாடம் போனது பாதி, திருத்தி வந்தது மீதிப் பாதி. நாம பின்னாடி புத்தகக் கட்டு அனுப்பறதுல, டிவில பாடம் போடறதுல எல்லாம் கெட்டிக்காரங்க ஆயிட்டோம், அந்த ரெண்டாவது பாதி மட்டும் பல இடத்துல எங்கயோ தவறிப் போச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மைக்கேல் மூர்னு ஒரு பேராசிரியர், அமெரிக்காவுல பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டில இருந்தவர், 1970கள்லேருந்தே தொலைதூரக் கல்வி பத்தி யோசிச்சு எழுதினவர். அவர் சொன்ன ஐடியாவுக்கு டிரான்ஸாக்‌ஷனல் டிஸ்டன்ஸ்னு பேரு. நான் அத "கொடுக்கல் வாங்கல்ல இருக்கற தூரம்"னு சொல்லுவேன். அதாவது தொலைதூரக் கல்வில தூரம்னு நாம சொல்றது கிலோமீட்டர் கிடையாது, டீச்சர் மனசுல இருக்கறதுக்கும் படிக்கிறவன் மனசுல போய் உக்காந்ததுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் நெஜமான தூரம். யோசிச்சுப் பாத்தா இது ஸ்கூல் கட்டடத்துக்குள்ளயே இருக்கு. அறுபது பேர் இருக்கற கிளாஸ்ல கடைசி பெஞ்சுல வருஷம் பூரா வாயத் தெறக்காம உக்காந்துட்டுப் போற பையன் டீச்சர்லேருந்து இருபதே அடி தள்ளி இருக்கான், ஆனா அவனோட தூரம் ரொம்ப ரொம்ப அதிகம். துபாய்ல இருக்கற ஒரு பொண்ணு வாரத்துக்கு ரெண்டு தடவ ஃபோன்ல பாட்டு டீச்சர்கிட்ட பாடிக் காட்டி அங்கயே திருத்திக்கறான்னா அவ பக்கத்துல உக்காந்திருக்கா.

இந்த தூரத்த மூணு விஷயம் முடிவு பண்ணுதுன்னு மூர் சொல்றார். முதலாவது உரையாடல், ரெண்டு பக்கமும் பேச்சு போய் வருதா. ரெண்டாவது கட்டமைப்பு, பாடம் எவ்வளவு இறுக்கமா முன்கூட்டியே கட்டி முடிச்சு வெச்சிருக்கு. இது ரெடிமேட் சட்டைக்கும் டெய்லர் அளவெடுத்து தைக்கறதுக்கும் இருக்கற வித்தியாசம் மாதிரி, ரெக்கார்டட் வீடியோ முழுக்க ரெடிமேட், தோள் பிடிச்சாலும் கை நீளமா இருந்தாலும் அது ஒண்ணும் பண்ணாது. பேச்சு குறைஞ்சு கட்டமைப்பு இறுகிட்டே போனா தூரம் கூடும். மூணாவதுதான் எல்லாரும் மறந்துடற விஷயம், படிக்கிறவங்க தானா படிக்கிற தெம்பு. தூரம் கூடக் கூட இந்தத் தெம்பு அதிகமா வேணும். நாப்பது வயசுல ப்ரமோஷனுக்காக படிக்கிறவருக்கு அது இருக்கும், வீடியோவ நிறுத்தி, திருப்பிப் போட்டு, வேற புத்தகம் தேடி எப்படியாவது கரை சேந்துடுவார். ஆறாங்கிளாஸ் குழந்தைகிட்ட அத எதிர்பார்க்கறது ரொம்ப அநியாயம். 2020ல லாக்டவுன்ல நம்ம பசங்களுக்கு நடந்தது இதுதான், பேச்சு சுத்தமா போச்சு, தெம்பு மட்டும் பெரியவங்களுக்கு இருக்கற அளவுக்குக் கேட்டோம், அப்பறம் பசங்க படிக்கவே இல்லன்னு அவங்க மேலயே பழியப் போட்டோம். இத நெனச்சா எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

சரி, இதுல கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் எங்க வருது? அதுக்கு ஆஸ்திரேலியாவுக்குப் போகணும். அங்க நடுப்பகுதி பாலைவனம், மாட்டுப் பண்ணைங்க ஒண்ணுக்கொண்ணு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும், குழந்தைங்களுக்கு ஸ்கூல்னு ஒண்ணு கிடையாது. பண்ணைங்கள்ல ஏற்கெனவே பறக்கும் டாக்டர் சேவைக்காக ரேடியோ செட் வெச்சிருந்தாங்க, அவசரம்னா டாக்டரக் கூப்பிட. 1951ல ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ங்கற ஊர்ல அந்த ரேடியோவ வெச்சே ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, ஸ்கூல் ஆஃப் தி ஏர்னு பேரு. மொதல்ல டீச்சர் பேசுவாங்க குழந்தைங்க கேக்கும், அவ்வளவுதான், ஒரு பக்கமா போயிட்டிருந்தது. கொஞ்ச நாள்லயே பாடம் முடிஞ்சதும் கேள்வி நேரம்னு ஒண்ணு சேத்தாங்க, பண்ணை வீட்ல உக்காந்திருக்கற குழந்தை மைக்க எடுத்து டீச்சர்கிட்ட பேசும், மத்த பண்ணைல இருக்கற பசங்களும் அத கேக்கும். எனக்கு அந்தக் கேள்வி நேரம் வந்த நாள்தான் அது ஸ்கூல் ஆன நாள்.

இதுக்கும் இன்னிக்கு காலேஜ்ல நாம பாக்கறதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. மேற்கு ஆஸ்திரேலியா பாலைவனத்துல வளர்ந்து, சின்ன வயசுல இப்படி ரேடியோலயும் ப்ளேன்ல வர்ற பாடக் கட்டுலயும் படிச்ச ஒருத்தர் மார்ட்டின் டூகியாமாஸ். அவர்தான் பின்னாடி மூடுல்ங்கற சாஃப்ட்வேர எழுதினார், 2002ல முதல் வெர்ஷன் வந்தது, இலவசம், யார் வேணா இறக்கி தன்னோட சர்வர்ல போட்டுக்கலாம். காலேஜ்ல எல்எம்எஸ்னு சொல்றாங்களே, அதாவது கோர்ஸ ஆன்லைன்ல நடத்தறதுக்கான சாஃப்ட்வேர், அதுக்கு மூடுல் ஒரு நல்ல உதாரணம். பாடத்த அடுக்கி வெக்கற அலமாரி மாதிரிதான் வெளில இருந்து தெரியும், ஆனா அதுக்குள்ள ஃபோரம், குவிஸ், அசைன்மெண்ட் திருத்தி திருப்பிக் குடுக்கற இடம் எல்லாம் இருக்கு, அதாவது பேச்சுக்கான இடம். நெறைய இடத்துல அத பிடிஎஃப் கொட்டி வெக்கற குடோன் ஆக்கிட்டாங்க, ஃபோரத்த யாரும் தெறந்துகூட பாக்கறதில்ல. அலமாரிக்கு ஆசப்பட்டு வாசல மூடி வெச்ச மாதிரி.

கம்ப்யூட்டர் தானா செய்யக்கூடிய ஒரு பெரிய உதவி உடனே பதில் சொல்றது. இது இன்டர்நெட்டுக்கும் முந்தின ஐடியா, 1960லயே அமெரிக்காவுல இல்லினாய் யுனிவர்சிட்டில டொனால்ட் பிட்சர்ங்கறவர் பிளேட்டோன்னு ஒரு சிஸ்டம் கட்டினார், பாடம் திரைல வரும், மாணவர் பதில் அடிச்சா சரியா தப்பான்னு அங்கயே சொல்லும். அதோட பேரன் பேத்திங்கதான் இன்னிக்கு கூகுள் ஃபார்ம்ல போடற குவிஸ் எல்லாம். ஆனா சரி, தப்புன்னு சொல்றது மட்டும் பதில் இல்ல. இத அந்தப் பொண்ணுக்கு ஒரு கணக்க வெச்சே காட்டினேன்.

3/4 கூட்டல் 1/2. முக்காலும் அரையும் எவ்வளவுன்னு பாட்டியக் கேட்டா யோசிக்காம ஒன்னேகால்னு சொல்லிடுவாங்க, ஆறாங்கிளாஸ்ல தடுக்கும். குவிஸ்ல நாலு ஆப்ஷன் போடணும், தப்பான மூணுக்கு ஏதோ ஒரு நம்பரப் போட்டா அது வீண். குழந்தைங்க நெஜமாவே எங்க வழுக்கறாங்களோ அந்த இடத்துலேருந்து தப்பு ஆப்ஷன எடுக்கணும். மேலயும் மேலயும் கூட்டி கீழயும் கீழயும் கூட்டற குழந்தைக்கு 4/6 வரும், அது ஒரு ஆப்ஷன். கூட்டறதுக்கு பதிலா பெருக்கிட்டா 3/8 வரும், அது ஒண்ணு. கீழ இருக்கறத அப்படியே விட்டுட்டு மேல மட்டும் கூட்டினா 4/4 வரும். இப்ப ஒருத்தன் 4/6 தொட்டா "தப்பு"ன்னு சிவப்பு காட்டாம, "முக்கால் லிட்டர் பால்ல அரை லிட்டர் ஊத்தியிருக்க. 4/6ங்கறது முக்கால விட பெரிசா சின்னதா?"ன்னு ஒரு கேள்வி வரணும். மூடுல்ல ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் இப்படி தனித்தனி பதில் எழுதி வெக்கலாம், கூகுள் ஃபார்ம்ல அவ்வளவு நுணுக்கம் இல்ல, தப்புக்கு எல்லாருக்கும் சேத்து ஒரே பதில்தான், ஆனாலும் யாரு எத தொட்டாங்கன்னு டீச்சருக்கு மொத்தமா தெரிஞ்சுடும். அம்மா மடிச்சு வெச்ச பக்கங்கள டீச்சர் உக்காந்த இடத்துலேருந்தே பாக்கற மாதிரி இது.

மூர் 1989ல இன்னொண்ணும் எழுதினார், படிக்கிறவங்க மூணு பேரோட உறவாடறாங்கன்னு. பாடத்தோட, டீச்சரோட, கூடப் படிக்கிறவங்களோட. பாடத்தோட உறவாடறதுக்கு நம்மகிட்ட இன்னிக்கு குறைவே இல்ல, நம்ம பாடப்புத்தகத்துல 2018லேருந்து க்யூஆர் கோடு இருக்கு ஸ்கேன் பண்ணா வீடியோ, 2019ல கல்வித் தொலைக்காட்சி வந்தது, அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி 2001லயே வெளிநாட்டுத் தமிழர்களயும் அவங்க குழந்தைகளயும் நெனச்சு தமிழ் இணையப் பல்கலைக்கழகம்னு தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது, வா.செ.குழந்தைசாமி முன்ன நின்னு வளத்தது, இப்ப தமிழ் இணையக் கல்விக்கழகம்னு பேரு. இதெல்லாம் நல்ல சொத்து. குறைச்சல் மத்த ரெண்டுலதான், அதுலயும் கூடப் படிக்கிறவங்கள யாரும் கணக்குலயே எடுத்துக்கறதில்ல. நாலு நாலு பேரா சின்ன குரூப் பிரிச்சு, "இந்தக் கணக்க நீங்களே பேசி முடிங்க, ஒருத்தர் எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க"ன்னு சொன்னா போதும், பெரிய குரூப்ல வாயே தெறக்காத குழந்தை நாலு பேருக்குள்ள பேசும்.

நேரலை வேணுமா ரெகார்டிங் வேணுமான்னு அந்தப் பொண்ணு அடுத்து கேட்டா. நேரலைல உடனே கேள்வி கேக்கலாம், முகம் தெரியும், ஆனா எல்லாரும் ஒரே நேரத்துக்கு வரணும், ஒரு வீட்ல ஒரே ஃபோன் அதுவும் அப்பாவோட வேலைக்குப் போயிடுச்சுன்னா அந்தக் குழந்தைக்கு கிளாஸ் இல்ல. டேட்டாவயும் பாக்கணும், ஒரு மணி நேர வீடியோ மீட்டிங் சாதாரணமா 500 எம்பிக்கு மேல சாப்பிடும், நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கற வீட்ல ரெண்டு குழந்தை படிச்சா மத்தியானத்துக்குள்ள தீந்துடும். ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அரை எம்பி கூட ஆகாது. அதனால நான் சொல்றது, விளக்கத்த சின்னச் சின்னதா ரெகார்ட் பண்ணு, நேரலைய பேச்சுக்கு மட்டும் வெச்சுக்கோ, இருபது நிமிஷம் போதும். சின்னதுன்னா எவ்வளவு சின்னதுன்னு கேட்டா, எட்எக்ஸ்ங்கற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல பசங்க வீடியோ எப்படிப் பாக்கறாங்கன்னு 2014ல ஆராய்ச்சி பண்ணினவங்க கிட்டத்தட்ட 69 லட்சம் தடவ பாத்ததோட பதிவுகள எடுத்துப் பாத்தாங்க, எவ்வளவு நீள வீடியோவா இருந்தாலும் பசங்க கவனம் பெரும்பாலும் ஆறு நிமிஷத்த தாண்டல. கையால எழுத எழுத திரைல தெரியற மாதிரி எடுத்தது ஸ்லைட விட நல்லா எடுபட்டுது. நோட்டுல பேனாவால எழுதி மேலேருந்து ஃபோன்ல எடுத்தா அதுவே போதும், எடிட்டிங் எல்லாம் வேண்டாம்.

பெரியவங்க படிக்கிற கோர்ஸ்ல இதே விஷயம் வேற மாதிரி தெரியும். 2011ல ஸ்டான்ஃபோர்ட்ல செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் ரெண்டு பேரும் செயற்கை நுண்ணறிவு கோர்ஸ உலகத்துக்கே இலவசமா தெறந்து விட்டாங்க, 1,60,000 பேர் பதிவு பண்ணாங்க, முடிச்சது சுமார் 23,000 பேர், ஏழுல ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. 23,000ங்கறது எந்த கிளாஸ்ரூமும் கொள்ளாத கூட்டம், அத குறைச்சு சொல்லக் கூடாது. ஆனா மத்த ஆறு பேர் முட்டாள் இல்ல, சோம்பேறியும் இல்ல, தூரம் அவங்களுக்குத் தாண்ட முடியாததா இருந்தது அவ்வளவுதான்.

நம்ம ஊர் ஆன்லைன் கோர்ஸ் தளமான என்பிடெல்ல இத வேற விதமா கட்டியிருக்காங்க. 2003ல ஏழு ஐஐடியும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேந்து ஆரம்பிச்சது, மொதல்ல வெறும் வீடியோவும் நோட்ஸும்தான், 2014லேருந்து சர்டிஃபிகேட் கோர்ஸ். 12 வார கோர்ஸ்னா வாரா வாரம் பாடம், வாரா வாரம் கெடுவோட அசைன்மெண்ட், அதுல நல்லா பண்ண எட்டு எடுத்து 25 மார்க், கடைசில சென்டருக்கு நேர்ல போய் எழுதற எக்ஸாம் 75. படிக்கிறது இலவசம், எக்ஸாமுக்கு மட்டும் ஃபீஸ். அந்த வாராந்திர கெடு இருக்கே, தெம்பு குறைவா இருக்கறவங்களுக்கு அது ஒரு கைப்பிடி. அசைன்மெண்ட் விடைய டெலிகிராம்ல வாங்கி அப்படியே அடிக்கிற பசங்கள நான் வருஷா வருஷம் பாக்கறேன், மனசு கஷ்டமா இருக்கும், அவங்க தூக்கிப் போடறது மார்க்க இல்ல, தப்பு பண்ணிப் பாத்து திருத்திக்கறதுக்கு கெடைச்ச ஒரே சந்தர்ப்பத்த. ஃபோரத்துல ஒரே ஒரு கேள்வியாவது கேட்ட பசங்க பெரும்பாலும் கோர்ஸ முடிச்சுடறாங்கன்னு எங்க காலேஜ்ல நான் பாத்திருக்கேன், அதனால இப்பல்லாம் முதல் வாரத்துலயே ஒரு கேள்வி எழுதி எனக்குக் காட்டுங்கன்னு கேட்டுடறேன்.

அடுத்த மழைல மறுபடி ரெண்டு நாள் லீவ் விட்டாங்க. இந்தத் தடவ அவ போட்டது அஞ்சு நிமிஷ வீடியோ, நோட்டுல எழுதி எடுத்தது, கூடவே அந்த முக்கால் அரை குவிஸ். 41 பேர்ல 36 பேர் போட்டிருந்தாங்க, அதுல 17 பேர் 4/6. அவ ஃபோன தூக்கிட்டு எங்க வீட்டுக்கு ஓடி வந்தா, பாதிப் பேருக்குத் தப்பா போச்சுன்னு கவலைல வர்றான்னு நெனச்சேன், அவ முகத்துல சந்தோஷம். "அக்கா இத கேளுங்க"ன்னு ஒரு வாய்ஸ் நோட்ட போட்டுக் காட்டினா. பின்னாடி மழைச் சத்தம், யாரோ டிவி பாக்கறாங்க, ஒரு பையன் குரல், கிளாஸ்ல இதுவரைக்கும் கையே தூக்காதவனாம். "மிஸ், முக்காலோட அரைய சேத்தா நான் போட்டது முக்கால விட கம்மியா வருது மிஸ். பால் எங்க மிஸ் போச்சு?"